ஞானம்மாள் எழுதினால் யாரும் சிரிக்க மாட்டார்கள்

ஞானம்மாளைப் பற்றி நாலு வரி எழுதிக் கொடுங்கள் என்று சபையில் கேட்டபோது எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அந்த அம்மாள் உயிரோடு இருந்தவரை என்னைக் கோபப்படுத்தியது போதாதா? போன பிறகும் நான்தான் உட்கார்ந்து எழுத வேண்டுமா? திருத்தணியில் வேறு ஆளே இல்லையா? இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் எழுதினால் "அன்பின் திருவுருவம்", "தியாகச் சுடர்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஞானம்மாள் பெட்டியை விட்டு எழுந்து வந்து அந்தத் தாளைப் பிடுங்கியிருப்பார். அதனால் நானே எழுதினேன். கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் முன் வாசித்தது மூன்று நிமிடம். மூன்று நிமிடத்தில் அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் ஏசுரத்தினம். மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து கம்பத்துக்குக் கம்பம் ஏறி இறங்கியவன். கோபக்காரன் என்று என்னைச் சொல்வார்கள். சொல்லட்டும், உண்மைதானே.

ஞானம்மாள் எங்கள் ஊர் மிஷன் தர்மாஸ்பத்திரியில் ஆயா. முப்பது வருடம் அங்கே தரை துடைத்து, பெட் பேன் கழுவி, காய்ச்சல்காரர்களுக்குக் கஞ்சி ஊட்டி, பிரசவ வலியில் கத்துகிறவர்களைச் செல்லமாகத் திட்டி வேலை பார்த்தவர். ஐந்தாம் வகுப்புப் படிப்பு. கையெழுத்து மட்டும் கலெக்டர் ஆபீஸ் கையெழுத்து. குள்ளம், கொஞ்சம் பருமன், நாயைக் கண்டால் நடுக்கம். ஆராதனையில் பாட ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவர்களும் சுருதி தப்பிவிடுவார்கள். புருஷன் சின்ன வயதிலேயே போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. எங்களுக்கெல்லாம் அவர் ஆயாம்மா.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது இறந்தால், பெட்டியை எடுப்பதற்கு முன் அவருடைய ஜீவிய சரித்திரத்தை எழுதி எல்லாருக்கும் கேட்கும்படி வாசிப்பார்கள். எங்கே பிறந்தார், என்ன வேலை பார்த்தார், எப்படி வாழ்ந்தார், பிள்ளைகள் எத்தனை பேர், அவர்கள் பெயர் என்ன என்று வரிசையாக வரும். ஊரில் கிறிஸ்தவர்கள் நாங்கள் எழுபது குடும்பம்தான். சாவு என்றால் தெருவே வந்து நிற்கும். முதலியார், நாயுடு, செட்டியார் என்று எல்லாரும் பந்தலுக்கு வெளியே நின்று கேட்பார்கள். செத்தவரைப் பற்றி அவர்களுக்கும் எல்லாம் தெரியும். அங்கேதான் சிக்கல்.

இந்தக் குறிப்பை எழுதும் வேலை ஞானம்மாளிடம் வந்தது அவருடைய கையெழுத்துக்காகத்தான். முதலில் அவரும் மற்றவர்களைப் போலத்தான் எழுதினார். ஒரு முறை பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு சாவு. செத்தவர் மனைவியை வருடம் முழுக்க அடித்தவர். பாவம், அந்த வீட்டுக்காரர்கள் மனம் நோகக் கூடாதே என்று ஞானம்மாள் இரக்கப்பட்டு, "மனைவியைக் கண்ணின் மணியாகக் காத்தவர்" என்று எழுதிவிட்டார். போதகர் அதை வாசித்தார். பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அந்த விதவை சிரித்தாள். பைத்தியக்காரச் சிரிப்பு இல்லை. கேட்டதும் அடக்க முடியாமல் வந்த சாதாரணச் சிரிப்பு. பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெளியே நின்றவர்களில் பாதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ஞானம்மாள் அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை என்று என் அம்மா சொல்வார். "பெட்டி முன்னாடி கண்ண மூடிக்கினு ஜெபம் பண்ணிட்டு, அடுத்த நிமிசமே பொய்ய வாசிச்சா, அந்த ஜெபத்த மட்டும் யாரு நம்புவாங்க?" என்று கேட்டாராம். அதிலிருந்து ஒரு முறை வைத்துக்கொண்டார். யார் செத்தாலும் தாளை எடுத்துக்கொண்டு இரண்டு பேரிடம் போவார். ஒருவர் அழுகிற ஆள், இன்னொருவர் அழாத ஆள். இரண்டு பேரும் "ஆங், சரிதான்" என்று சொல்கிற வரியைத்தான் எழுதுவார். கூட்டத்தில் ஒருவர் சிரித்தாலும் அது பொய், ஒருவர் எழுந்து போனாலும் அது கொடுமை என்பது அவர் கட்சி.

கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. எழுதிப் பாருங்கள் தெரியும். கே.ஜி.கண்டிகையில் பெருமாள் என்று ஒரு சபைக்காரர், கொத்தனார். குடி என்றால் அப்படிக் குடி. வீட்டார் "மதுவை வெறுத்தவர்" என்று போடச் சொன்னார்கள். மச்சான்காரன் "குடிச்சே செத்தான்னு போடு" என்றான். ஞானம்மாள் இப்படி எழுதினார்: "பெருமாள் ஞாயிற்றுக்கிழமையில் குடிக்க மாட்டார். வாரத்தில் அந்த ஒரு நாளைக் காப்பாற்றுவதற்கு அவர் பட்ட பாடு அவர் மனைவிக்குத் தெரியும்." அந்த மனைவி அப்போது அழுத அழுகையை நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். மச்சான்காரனும் துண்டால் மூக்கைத் துடைத்தான். எங்கள் தெரு குப்பம்மாளின் வாய் ஊர் அறிந்த வாய். அவளுக்கு, "இவர் வாயில் விழாத வீடு இந்தத் தெருவில் இல்லை. காய்ச்சல் என்று கேள்விப்பட்டு இவர் ரசம் கொண்டு போகாத வீடும் இல்லை" என்று எழுதினார். அவ்வளவுதான் குப்பம்மாள். அதற்கு மேல் யாராலும் ஒரு வார்த்தை சேர்க்க முடியாது.

அதற்காக ஞானம்மாளை, எதையும் போட்டு உடைக்கிற ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். ஆஸ்பத்திரியில் எத்தனை வீட்டு ரகசியம் அவர் காதில் விழுந்திருக்கும்! ஒன்று வெளியே வந்ததில்லை. "கேக்காதவங்களாண்ட எதுக்குச் சொல்லிக்கினு திரியணும்? கேட்டா பொய் சொல்லக் கூடாது, அவ்ளோதான்" என்பார். ஊரே அவரை மெச்சியது. நானும் மெச்சினேன், அந்தத் தாள் எங்கள் வீட்டு வாசலுக்கு வரும்வரை.

என் அப்பா சிங்காரம் வாத்தியார். நாங்கள் பிள்ளைகள் அவரை நைனா என்று கூப்பிடுவோம். முப்பத்தொரு வருடம் பாடம் சொல்லிக்கொடுத்தவர். இன்றைக்கும் திருத்தணி பஸ் நிலையத்தில் அவர் பெயரைச் சொன்னால் ஐம்பது வயது ஆள் எழுந்து நிற்பான். என் தங்கை மனோரமா 1963இல் அம்மையார்குப்பத்து நெசவுக்காரர் கோதண்டபாணியைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் முதலியார், முருகன் கோவிலுக்குக் காவடி எடுக்கிற குடும்பம். பதிவுத் திருமணம். அப்பா அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடியும் நேரத்தில் எழுந்து நின்றார். "இனிமேல் எனக்குப் பிள்ளைகள் இரண்டு பேர்தான்" என்று சபைக்குச் சொன்னார். சொல்லிவிட்டு உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார். அதோடு சரி. பதினோரு வருடம் அந்தப் பெயர் எங்கள் வீட்டில் பேசப்படவில்லை. அம்மாவும் பேசவில்லை. நானும் தம்பி தயாளனும் அப்பா பக்கம்தான் நின்றோம். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

1974 ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் சாயங்காலம் அப்பா இறந்தார். கடைசி ஐந்து நாளும் ஞானம்மாள் ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லிவிட்டு எங்கள் வீட்டிலேயே இருந்து அவரைத் துடைத்து, திருப்பிப் படுக்கவைத்து, பார்த்துக்கொண்டார். மறுநாள் ஊர் எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். முருகன் மலைக்குப் போகிற ரோடு முழுக்க மஞ்சள் வேட்டி, காவடி, பம்பைச் சத்தம். மூன்று மணிக்குள் பெட்டியை எடுத்துவிட வேண்டும், அதற்குப் பிறகு கூட்டத்தைத் தாண்ட முடியாது என்று போலீஸ்காரர் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

காலை பத்து மணிக்கு ஞானம்மாள் தாளை எடுத்துக்கொண்டு பந்தலில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். எல்லாம் கேட்டுக்கொண்டே வந்து, "புள்ளைங்க எத்தினி ரத்தினம்?" என்றார்.

"ரெண்டு."

பேனா நகரவில்லை. "எத்தினி?"

"ரெண்டுன்னு சொல்றேன் இல்ல? நைனா சபையில சொன்னது ஒனக்குத் தெரியாதா? நீயும்தான் அங்க ஒக்காந்துகினு இருந்த."

"தெரியும். அவரு சொன்னத எழுத வரல. அவரப் பத்தி எழுத வந்திருக்கறேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. வாய்க்கு வந்ததைப் பேசினேன். செத்த மனிதனின் மானத்தை வாங்க வந்தாயா என்றேன். அவர் அதுவரை எழுதியிருந்த தாளைப் பிடுங்கி இரண்டாகக் கிழித்தேன். ஞானம்மாள் கிழிந்ததைப் பார்த்துவிட்டு, "பரவால்ல, இன்னும் தாளு கெடக்குது" என்று பையிலிருந்து வேறொன்று எடுத்தார். அந்த நிதானம் இருக்கிறதே, அதற்கே ஒருவனுக்கு ரத்தக் கொதிப்பு வரும்.

சத்தம் கேட்டு எல்லாரும் கூடிவிட்டார்கள். பந்தலே ஒரு பஞ்சாயத்து ஆகிவிட்டது. அப்பாவோடு வேலை பார்த்த ஜம்புலிங்கம் வாத்தியார் இந்து. அவர் என் பக்கம் பேசினார். "இன்னிக்கி அவரு வந்து பதில் சொல்ல முடியாதும்மா. உயிரோட இருக்கறப்ப அவரு சொன்னத, போன அப்புறம் நாம மாத்தலாமா? அது நாயமா?" என்றார். நியாயமான கேள்விதான். சபைக் கமிட்டிக்காரர் ஒருவர், மனோரமா பெயரைப் போட்டால் வேறு மதத்தில் கல்யாணம் செய்வதைச் சபையே ஆதரிப்பதுபோல ஆகும் என்றார். தெருப் பெண்கள் பெண்ணுக்காகப் பேசினார்கள். தண்ணீர் கேட்டு உள்ளே வந்திருந்த ஒரு காவடிக்காரர், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு செம்பைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டவர், "பொண்ணு பேரையும் போட்டுடுங்க சாமி" என்று அபிப்பிராயம் சொல்லிவிட்டு மலைப் பக்கம் போய்விட்டார். அவர் யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

போதகர் நல்லவர், யாருடைய மனமும் நோகக் கூடாது என்று நினைப்பவர். அவர் ஒரு வழி சொன்னார். "எண்ணிக்கையும் வேண்டாம், பெயரும் வேண்டாம். பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் விட்டுச் சென்றார் என்று எழுதிவிடலாமே." எல்லாருக்கும் மூச்சு வந்தது. எனக்கும்தான்.

ஞானம்மாள் தலையை ஆட்டினார். "ஐயா, இத்தினி வருசமா எல்லார் பேரையும் எண்ணித்தான படிச்சிக்கினு வர்றோம். இன்னிக்கி நாம எண்ணாம வுட்டா, கேக்கறவங்க எல்லாரும் எண்ணுவாங்க." பிறகு ஜம்புலிங்கம் வாத்தியாரைப் பார்த்துச் சொன்னார். "அவரக் கேவலப்படுத்த நான் வரல சார். அஞ்சு நாளு என் கையாலதான் தண்ணி குடிச்சாரு. கெட்டவரு இல்ல. சபை நடுவுல ஏறி நின்னு சொல்லிட்டாரு, அப்பறம் எறங்கி வர வழி தெரியல. அவரால முடியாதத நாம செஞ்சா அவருக்கு அவமானமா?"

ஞானம்மாள் எழுந்து, பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அம்மாவிடம் போனார். அம்மா பெயர் ஜெயம்மாள். காலையிலிருந்து அவர் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"அக்கா, பெத்தவ நீதான். நீ சொல்லு. எத்தினி?"

அம்மா முகத்தைத் தூக்காமலே, "நாலு" என்றார்.

தயாளன் என்னைப் பார்த்தான். அம்மாவுக்குச் சோகத்தில் ஏதோ ஆகிவிட்டது என்று நான் நினைத்தேன். அம்மா அப்போதுதான் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். "எலியாசர் எட்டு மாசத்துல பூட்டான். அவன் மொகம் ஒங்க யாருக்கும் நெனப்பில்ல, எனக்கு இருக்குது. ஒருத்தி பூட்டாளுன்னு நீங்க சொல்லிக்கினு இருக்கீங்க. ரெண்டு பேரு இங்க நின்னுக்கினு சண்ட போடறீங்க. எனக்கு நாலுதான்."

மனோரமாவுக்குப் பின்னால் ஒரு தம்பி பிறந்து இறந்தான் என்பது எனக்கே ஏதோ கனவுபோலத்தான் ஞாபகம். அப்பா இருந்தவரை அந்தப் பெயரும் எங்கள் வீட்டில் பேசப்பட்டதில்லை. போதகர், "எழுதுங்கம்மா" என்றார். ஞானம்மாள் எழுதினார்.

அப்புறம்தான் எனக்கு இன்னொரு சேதி தெரிந்தது. முந்தின நாள் சாயங்காலமே, தறிக்குப் பாவு நூல் ஏற்றிக்கொண்டு அம்மையார்குப்பம் போன வண்டிக்காரரிடம் ஞானம்மாள் சீட்டு எழுதிக் கொடுத்தனுப்பியிருக்கிறார். அண்ணன் நான் அனுப்ப வேண்டியது. நான் அனுப்பவில்லை.

மனோரமா வந்து சேரும்போது மணி இரண்டு. கிருத்திகைக் கூட்டத்துக்காக பஸ்ஸைக் கே.ஜி.கண்டிகையிலேயே நிறுத்திவிட்டார்களாம். அங்கிருந்து நடந்து வந்திருக்கிறாள். கால் முழுக்கப் புழுதி. பின்னால் கோதண்டபாணி, தூங்கிப்போன பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, உள்ளே வரலாமா வேண்டாமா என்று தெரியாமல் பந்தலுக்கு வெளியே வெயிலில் நின்றார். காலையில் அவ்வளவு நியாயம் பேசிய ஜம்புலிங்கம் வாத்தியார்தான் போய் அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தார்.

பதினோரு வருடத்துக்குப் பிறகு என் தங்கையை நான் பார்க்கிறேன். இளைத்துப் போயிருந்தாள். பெட்டியைப் பிடித்துக்கொண்டு அப்பா முகத்தையே பார்த்தாள். அழுகை வரவில்லை அவளுக்கு. உடனே பெண்கள் சுற்றிக்கொண்டார்கள். சாவு வீட்டில் தூரத்திலிருந்து வருகிற பிள்ளைக்கு என்ன சொல்வார்களோ அதைச் சொன்னார்கள். "ஒன்னத்தாம்மா கேட்டுக்கினே இருந்தாரு." "ஒன் பேரச் சொல்லித்தான் உசுரு வுட்டாரு." அவர்களில் ஒருத்தி கூட அந்த ஐந்து நாளில் எங்கள் வீட்டுக்குள் வந்தவள் இல்லை.

மனோரமா என்னைப் பார்த்தாள். "அண்ணா, நைனா என்னக் கேட்டாரா?"

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் வேறு என்ன சொல்ல முடியும்? "கேட்டாரும்மா. கடைசியா ஒன் பேரத்தான் சொன்னாரு" என்றேன். இரக்கத்தில்தான் சொன்னேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன், ஆனால் முழுக்க அப்படி இல்லை என்றும் தெரியும். அந்த ஒரு பொய்யில் என் பதினோரு வருடமும் கழுவிக்கொண்டு போய்விடும் என்று ஒரு ஆசை எனக்குள் இருந்தது.

அவள் நம்பவில்லை. கண்ணாலேயே தேடி, பெட்டியின் கால்மாட்டில் நின்ற ஞானம்மாளைக் கண்டுபிடித்தாள். "ஆயாம்மா, நீதான கூட இருந்த. நீ சொல்லு. கேட்டாரா?"

நான் ஞானம்மாளைப் பார்த்தேன். ஒரே ஒரு "ஆங்" போதும். அதைச் சொல் என்று கண்ணாலேயே கெஞ்சினேன்.

"இல்ல மனோ" என்றார் ஞானம்மாள். "கேக்கல."

அந்த அம்மாளைத் தோளைப் பிடித்துத் தள்ளி வெளியே விட வேண்டும் என்று ஓரடி எடுத்துவைத்தேன், உண்மையாகவே. அதற்குள் ஞானம்மாள் மனோரமாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நோயாளிக்கு நாடி பார்க்கிற மாதிரி பிடித்திருந்தார்.

"வாத்தியாரு கேக்கல. கேட்டது யாரு தெரியுமா? ஒங்கம்மா. திங்கக்கெழம காலைல அவரு காதாண்ட குனிஞ்சி, 'மனோவுக்கு ஆளு அனுப்பட்டுமா'ன்னு கேட்டாங்க. அவரு பேசல. மத்தியானம் திரும்பக் கேட்டாங்க. மூஞ்சத் திருப்பிக்கினாரு. நேத்து காலைல மறுபடியும் கேட்டாங்க. வாணான்னு கைய ஆட்டிட்டாரு. மூணு வாட்டி. நான் பக்கத்துல நின்னுக்கினு இருந்தேன்."

என் அம்மா நாற்பது வருடத்தில் அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. குழம்பில் உப்பு அதிகம் என்று அவர் சொன்னால், தனக்குச் சரியாகத்தான் இருந்தது என்று கூடச் சொல்லாதவர். மனோரமாவும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். அம்மாவும் தன்னைத் தலைமுழுகிவிட்டாள் என்றே பதினோரு வருடம் நினைத்துக்கொண்டு அம்மையார்குப்பத்தில் குடித்தனம் நடத்தியிருக்கிறாள். அவள் பெட்டியை விட்டுவிட்டு அம்மா பக்கம் திரும்பினாள்.

அம்மா அவளைப் பார்த்து, ஏதோ தப்புச் செய்தவர்போல, "நாலாவது வாட்டி கேக்கறதுக்குள்ள பூட்டாரு மனோ" என்றார்.

அப்போதுதான் என் தங்கைக்கு அழுகை வந்தது. அம்மா மடியில் விழுந்து அழுதாள். அவள் முதுகில் அம்மா தட்டிக்கொண்டே இருந்தார். நான் ஒரு மூலையில் நின்றேன். என் பொய்யை அவள் நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அங்கே நின்று யோசித்தேன். அப்பா கேட்டார் என்று நினைத்துக்கொண்டு பெட்டிக்கு முத்தம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போயிருப்பாள். அம்மா கேட்டது அவளுக்குத் தெரியவே வந்திருக்காது. அம்மாவுடையதை எடுத்து அப்பாவுக்குக் கொடுக்கப் பார்த்திருக்கிறேன், யாரைக் கேட்டு?

இரண்டரை மணிக்குப் போதகர் குறிப்பை வாசித்தார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் இப்படி வருகிறது: "சிங்காரம் வாத்தியாரிடம் அடி வாங்கியவர்கள் இங்கே நிறையப் பேர் நிற்கிறீர்கள். அடித்த மறுநாள் அந்தப் பிள்ளையைத்தான் முதலில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார் என்பதும் உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் அவருக்குச் சுலபமாக வந்த அது, வீட்டில் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் மனதில் என்ன இருந்தது என்று கர்த்தருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. அவருக்கும் ஜெயம்மாளுக்கும் பிறந்த பிள்ளைகள் நான்கு பேர். ஏசுரத்தினம், மனோரமா, குழந்தையில் மரித்த எலியாசர், தயாளன்." யாரும் சிரிக்கவில்லை. யாரும் எழுந்து போகவும் இல்லை. பெட்டியை எடுத்தபோது காவடிக்காரர்கள் பம்பையை நிறுத்திவிட்டு ஒதுங்கி வழி விட்டார்கள்.

இவ்வளவு நடந்த பிறகு நான் ஞானம்மாள் காலில் விழுந்திருப்பேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. இரண்டு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அத்தனை பேர் நடுவில் என்னைப் பொய்யனாக்கிவிட்டாளே என்று பொருமிக்கொண்டிருந்தேன். கமிட்டியும் இனி குறிப்பு எழுத வேண்டாம் என்று அவரை நிறுத்தி வைத்தது. அதற்குப் பிறகு வந்த குறிப்புகளில் செத்தவர்கள் எல்லாரும் ஒரே ஆள்போல இருந்தார்கள். கடைசியில் கமிட்டிக்காரர் ஒருவருடைய தாயே இறந்தபோது, அவரே ஞானம்மாள் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார். ஞானம்மாள் ஒன்றும் கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாராம். நானாக இருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

அம்மா அந்த வருடமே மனோரமாவோடு அம்மையார்குப்பம் போய்விட்டார். மகன் வீடு இருக்க, மருமகன் வீட்டில் போய் இருக்கிறாரே என்று எனக்கு அதுவும் அவமானம். ஐந்து வருடத்தில் நான் நாலு முறைதான் போய்ப் பார்த்தேன். போனாலும் வாசலோடு பேசிவிட்டு, வேலை இருக்கிறது என்று திரும்பிவிடுவேன். தறிச் சத்தத்தில் அம்மா சொன்னது பாதி காதில் விழாது. விழாத பாதியை நான் திரும்பக் கேட்டதில்லை.

1979 கார்த்திகையில் அம்மாவுக்கு முடியாமல் போனது. மனோரமா ஞானம்மாளைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டாள். அந்தம்மாளுக்கு அப்போது ஆஸ்பத்திரி வேலை முடிந்திருந்தது, மூட்டு வலியோடு பன்னிரண்டு நாள் அங்கேயே இருந்தார். எனக்கு இரண்டு முறை ஆள் வந்தது. புயலில் பொதட்டூர்பேட்டைப் பக்கம் கம்பமெல்லாம் சாய்ந்து கிடந்தது. லைனைப் போட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். லைனைப் போட்டுவிட்டுத்தான் போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது அம்மாவுக்குக் கால் கட்டை விரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

கோதண்டபாணி எனக்கு உட்கார நாற்காலி போட்டார். தெருப் பெண்கள் வந்து, "ஒங்களத்தான் கேட்டுக்கினே இருந்தாங்க" என்றார்கள். நான் தலையை ஆட்டினேன். இந்தப் பேச்சை நானே சொன்னவன், எனக்குத் தெரியாதா அதன் மதிப்பு?

ஞானம்மாள் கொல்லைப்புறத்தில் அம்மாவின் துணிகளை அலசிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். நரைத்த தலை எனக்கு, நாற்பத்து மூன்று வயது, ஆனாலும் கேட்பதற்கு வாய் வரவில்லை. வாளியைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"ஆயாம்மா, அம்மா என்னக் கேட்டாங்களா?"

அவர் கையிலிருந்த துணியை வாளியில் போட்டுவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்த ஒரு நிமிடம் நான் பட்ட பயம் மின் கம்பத்தின் மேல் கூடப் பட்டதில்லை. இல்லை என்றால் இல்லைதான். அவரிடம் வேறு பதில் வாங்க முடியாது.

"ஆங், கேட்டாங்க" என்றார். "முந்தா நேத்து விடியக்காலைல. 'ரத்தினம் வந்துட்டானா'ன்னாங்க. ஒரு வாட்டி. அப்பறம் தூங்கிட்டாங்க."

ஒரு வாட்டி. வேறு யாராக இருந்தாலும் பத்து வாட்டி என்றிருப்பார்கள். நான் அங்கேயே துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து சின்னப் பிள்ளைபோல அழுதேன். ஞானம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அந்த ஒரு வாட்டியை நான் இன்றுவரை சந்தேகப்பட்டதில்லை.